சம்பந்தி பெயரின் முதல் எழுத்து

ழகரம் உலகத்திலேயே நமக்கு மட்டும்தான் என்று மேடையில் சொல்வார்களே, அதை நம்பி ஐம்பது வயது வரை நிம்மதியாக இருந்தேன். பிறகு அதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்றை நம்பினேன்: செக் நாட்டுக்காரர்களிடமும் அது இருக்கிறது என்று.

என் மகன் அந்த நாட்டில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு பெண்ணைப் பிடித்துப்போய், அவளுடைய அப்பாவின் பெயரை எனக்கு அனுப்பினான். முதல் எழுத்து Ž. இசட்டின் தலையில் சின்னதாக ஒரு கவட்டை. "இங்கிலீஷ்ல இசட், எச்னு போடுவாங்கப்பா" என்றான். அப்படியென்றால் நம்ம ழ அல்லவா? தமிழிலேயே ழகரத்தில் தொடங்கும் சொல் கிடையாது. ஒரு வெள்ளைக்காரர் பெயரே அதில் தொடங்குகிறதே என்று புல்லரித்துப் போனேன். போனிலேயே நாக்கை மடித்துச் சொல்லிக் காட்டினேன்.

"அது வேறப்பா. 'ஷ' சொல்ற மாறி வாய வச்சிகினு தொண்டைல குரல் குடு. வண்டு மாறி வரணும்."

அந்த அப்பா நேரில் வந்து, எங்களைப் பார்த்துப் பிடித்தால்தான் கல்யாணம் மாமல்லபுரத்தில். இல்லாவிட்டால் அவர்கள் ஊரில், பனியில். எனக்குப் பாஸ்போர்ட்டும் கிடையாது, ஸ்வெட்டரும் கிடையாது. வாசலிலேயே பெயரைக் கொலை செய்தால் மனுஷன் அப்படியே திரும்பிப் போய்விடுவார் என்று பயம் பிடித்துக்கொண்டது. குளிக்கும்போது சாதகம், செங்கல்பட்டு ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது சாதகம். பக்கத்தில் நின்றவர் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்து போனார். டீக்கடையில் நண்பன் கேட்டான்:

"இன்னா மச்சான், புதுசா பல்லு கட்டிகினியா?"

"சம்பந்தி பேருடா."

"பேரா? மிக்ஸி ஓட்ற மாறி கீது."

அவர் வந்த அன்று ஓட்டல் வாசலில் பட்டுவேட்டியோடு நின்றேன். நெடுநெடுவென்று உயரம், வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. வாயைக் குவித்தேன். ஷ வந்தது, ஜ வந்தது, கொஞ்சம் எச்சிலும் வந்தது. வண்டு மட்டும் வரவில்லை. அவர் மரியாதையாகக் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

என் மனைவி என்னை முழங்கையால் ஒதுக்கிவிட்டுக் கும்பிட்டாள். "வாங்க சம்பந்தி. சாப்ட்டு பேசிக்கலாம்."

அது என்ன சொல் என்று அவர் கூட வந்திருந்த தன் மகளிடம் கேட்டார். பெண்ணைப் பெற்றவரும் பிள்ளையைப் பெற்றவரும் இங்கே அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள், பெயர் சொல்கிற வழக்கமில்லை என்று, என் மகன் சொல்லிக்கொடுத்திருந்ததை வைத்து அவள் விளக்கினாள். எனக்கே அப்போதுதான் உறைத்தது: என் அப்பாவும் மாமனாரும் சாகும்வரை ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

சங்கரா மீன் வறுவலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கல்யாணத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். மாமல்லபுரத்திலேயே நடந்தது. அவர் பெயரை இன்றுவரை நான் சொன்னதில்லை.