தேன் தின்னியின் நிஜப் பெயர்

முகப்பேரில் எங்கள் எதிர் ஃபிளாட் கோதண்டம் சாரின் மனைவி சரோஜா போன மாதம் இறந்துபோனார். வயிற்றில் புற்றுநோய். இதோ, நான் சட்டென்று எழுதிவிட்டேன்... அந்த வீட்டில் கடைசிவரை யாரும் அதை வாயால் சொல்லவில்லை.

தகவல் போனதும் கள்ளிக்குப்பத்திலிருந்து தங்கை கஸ்தூரி ஓடி வந்தார். பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம்தான். அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதவர், கோதண்டம் பக்கம் திரும்பினார்.

"வயித்துல புண்ணு, படுத்துகினு கீறான்னுதானே மாமா சொல்லியனுப்புனீங்க? பையனுக்குப் பரீட்சை முடியட்டும், வந்து கூடவே இருக்கலாம்னு இருந்தேனே... இன்னா வியாதின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே ஓடியாந்திருக்க மாட்டேனா?"

அவர் தலை குனிந்து நின்றார்.

நம் வீடுகளில் இது வழக்கம்தானே! ராத்திரியில் பாம்பு என்று சொல்ல மாட்டோம் — பூச்சி. புற்றுநோய் என்றால் புண்ணு, கட்டி, 'அந்த வியாதி'. டாக்டர்கூட கோதண்டத்தைத் தனியாகக் காரிடாருக்கு அழைத்துத்தான் சொன்னாராம். சரோஜாவோ, "கஸ்தூரி ஏன் வரல?" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "வருவா, வருவா" என்று இவரும் சமாளித்திருக்கிறார். உடனே வரவழைக்க வேண்டுமென்றால் வியாதியின் பெயரைச் சொல்ல வேண்டுமே!

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. என் வீடாக இருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்று யோசித்தேன். கோபம் போய்விட்டது.

கோதண்டம், ஆவடி டாங்க் ஃபேக்டரிக்கு வந்த ரஷ்ய எஞ்சினியர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். காரியம் முடிந்த மாலை, மொட்டை மாடியில் அவராகவே பேச ஆரம்பித்தார்.

"ரஷ்ய பாஷைல கரடிக்கு மெத்வேத்னு பேரு சார். அர்த்தம் இன்னா தெரியுமா? தேன் தின்னி."

ரஷ்யன், போலிஷ், செக் எல்லாவற்றுக்கும் ஒரு தாய்மொழி இருந்ததாம். அதில் எழுதிவைத்த எதுவும் கிடைக்கவில்லை. மகள் மொழிகளை ஒப்பிட்டுப் பார்த்துப் பண்டிதர்கள் அதன் சொற்களை மீட்டிருக்கிறார்கள். அதிலேயே கரடி 'தேன் தின்னி'தானாம். நிஜப் பெயரைச் சொன்னால் கரடி வந்துவிடும் என்று பயந்து வைத்த மாற்றுப் பெயர் என்கிறார்கள். அந்த நிஜப் பெயர்? யாரும் சொல்லாமலே விட்டு... அந்த மொழிகளில் அதன் சுவடே இல்லை.

"எஞ்சினியர் சொன்னப்போ சிரிச்சேன் சார், இப்படியும் பயப்படுவாங்களான்னு" என்றார். பிறகு தெருவைப் பார்த்தபடி சொன்னார்:

"பேரைச் சொல்லலைன்னு கரடி வராம இருக்கல சார். கஸ்தூரிதான் வரல."