ராசப்பனுக்கு எந்தக் குரலில் வெளிச்சம் வந்தது

ராசப்பனுக்குச் சொந்தக் குரல் என்று ஒன்று கிடையாது என்பதுதான் மலைமேல் பெரக்கரை நாட்டில் எல்லாரும் நம்பியது. கீழ்நாட்டு மிளகு வியாபாரி மூக்கால் பேரம் பேசிவிட்டுத் தலை மறைந்தால் போதும், ராசப்பன் வாயில் அதே மூக்கு பேசும். மாமனார் செல்லமுத்து வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வைவதை அவன் ஒருநாள் புதருக்குப் பின்னாலிருந்து செய்ய, மாமனாரே பயந்துபோய், தான் எப்போது அங்கே போனோம் என்று யோசித்தாராம். அவன் பெண்டாட்டி அத்தாயி சிரித்து மாளாமல்தான் அவனைக் கட்டிக்கொண்டாள் என்பார்கள்.

முதல் உலகச் சண்டை முடிந்து சில வருசம் ஆகியிருந்தது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து குதிரையில் ஒரு வெள்ளைக்காரத் தொரை மருந்துப் பெட்டியோடும் வேதத்தோடும் மலையேறி வந்தார். கூடவே ஆசீர்வாதம் என்ற உபதேசியார் வந்து, வேதம் சொல்லிக்கொடுக்கக் குடிசை போட்டுத் தங்கினார். ராசப்பனுக்கு ஒரே கொண்டாட்டம், புதுசாக இரண்டு குரல். தொரையின் தமிழ் வாயில் சுடுகிழங்கை வைத்தது போல் உருளும். உபதேசியார் ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் இரண்டு முறை கனைப்பார்.

அத்தாயிக்கு அவர்கள் சொன்ன ஆண்டவரைப் பிடித்துப்போயிற்று. ஞானஸ்நான முழுக்கு வாங்குகிறேன் என்றாள். நானும்தான் என்றான் ராசப்பன். யாரும் நம்பவில்லை.

முழுக்குக்கு முன்னால் உபதேசியார் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து விசாரிப்பார். மனப்பாடம் கிளிகூடச் செய்யும், ஆனால் மனுசன் தன் புத்தியால் மட்டும் ஆண்டவரை அறிய முடியாது, ஆண்டவரே உள்ளே விளக்கேற்ற வேண்டும் என்பது தொரையின் போதனை. அந்த வெளிச்சம் வந்ததா என்பதுதான் கேள்வி. வரவில்லை என்றால் தொரை வருகிற ஞாயிற்றுக்கிழமை அத்தாயி மட்டும் ஓடையில் இறங்குவாள். தொரை மறுபடி மலையேற மழைக்காலம் கழிய வேண்டும். அவள் ஒரு கரையிலும் தான் மறுகரையிலுமாகக் குடித்தனம் செய்வதை நினைத்தாலே ராசப்பனுக்குக் கஞ்சி இறங்கவில்லை.

ஆனாலும் தைரியமாகத்தான் போனான். மலையில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. சாமி இறங்கியவனுக்குக் குரல் மாற வேண்டும். பழைய குரலிலேயே பேசினால், போய்க் கஞ்சி குடி என்று சொல்லிவிட்டுச் சனம் கலைந்துவிடும். குரல் மாற்றுவதா அவனுக்குக் கஷ்டம்? உபதேசியார் கேட்டதும் கண்ணை மூடித் தோளைக் குலுக்கினான். சுடுகிழங்கு உருண்டது. ராசப்பன் நல்ல பையன், அவனைத் தண்ணியில முக்கு என்றது.

உபதேசியார் பதறி எழுந்து நின்றுவிட்டார். தொரை இங்கே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

"யாரு பேசுனது?"

"ஆண்டவருங்க."

"ஆண்டவரு எதுக்குடா தொரையாட்டப் பேசோணும்?"

"இத்தன நாளா தொரைகூடத்தானே இருந்தாருங்க."

உபதேசியார் வந்த சிரிப்பைக் கனைப்பில் மறைத்தார். இங்கே வழக்கம் தலைகீழ் என்று விளக்கினார். உள்ளே வெளிச்சம் வந்தவன் தன் குரலில் பேச வேண்டும். குரல் மாறினால்தான் சந்தேகம்.

அப்போதுதான் ராசப்பன் பயந்தான். வாயைத் திறந்தான், இரண்டு கனைப்பு வந்தது. மறுபடி திறந்தான், மாமனார் வந்தார். அப்புறம் மிளகு வியாபாரி. உபதேசியார் பெருமூச்சு விட்டு, மழை கழியட்டும் பார்க்கலாம் என்று வாசல் பக்கம் நகர்ந்தார்.

"போன மாசம் களத்துல சாமை அடிக்கையில தொரை செபத்தைச் செஞ்சு காட்டுனனுங்க" என்றான் ராசப்பன். "எல்லாஞ் சிரிச்சாங்க. ஒளிஞ்சாலும் என்னைப் பாக்கறவரேன்னு தொரை சொல்ற எடம் வந்துச்சுங்க. சொன்னதும் பின்னால யாரோ நின்னுட்டிருந்தாப்பல ஆயிருச்சு. அதுக்கு மேல செய்ய முடியலீங்க. அவரை எனக்குத் தெரியுமான்னு கேட்டா, சொல்லத் தெரியலீங்க. அவருக்கு என்னைத் தெரியுது. அது போதுமான்னு நீங்கதான் சொல்லோணும்."

குரல் மெலிசாக, நடுவில் கொஞ்சம் உடைந்து வந்தது. உபதேசியார் சந்தேகத்தோடு, தனக்குத் தெரிந்த ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். யாரோடும் ஒட்டவில்லை. வெளியே காத்திருந்த அத்தாயியைக் கூப்பிட்டு, இவன் இப்போது யார் மாதிரிப் பேசினான் என்று கேட்டார்.

"தெரியலீங்க. இந்த ஆளு பேசி நான் கேட்டதே இல்லீங்க" என்றாள் அவள், புருசனை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே.

உபதேசியார் இரண்டு முறை கனைத்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மாற்றுத்துணி கொண்டுவர வேண்டும் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராசப்பன் எந்தக் குரலில் சாமி கும்பிடுவான் என்று பார்க்கவே ஓடைக்கரையில் கூட்டம். இடுப்பளவு தண்ணீரில் நின்ற தொரை, நம்புகிறாயா என்று கேட்டார். ராசப்பன் பதில் சொன்னான். தொரை காதில் கையை வைத்து, சத்தமாகச் சொல் என்றார். இரண்டாம் முறையும் அது பக்கத்தில் நின்ற அத்தாயியைத் தாண்டிப் போகவில்லை.

கரையில் செல்லமுத்து வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஒன்றுமே காதில் விழவில்லை, இதற்கா இவ்வளவு தூரம் நடந்து வந்தேன் என்று வையத் தொடங்கினார்.