“கால்டோ” என்றார் அந்தப் பெரியவர்

சில வருடங்களுக்கு முன், ஒரு கோடை விடுமுறையில், மாமல்லபுரத்தில் நடந்தது இது. அப்போது நான் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் இத்தாலிய மொழி, பண்பாடு, சமூகம் எல்லாம் சேர்ந்த ஒரு படிப்பில் முதல் வருடம் முடித்திருந்தேன். எங்கள் ஊர் கருங்குழியிலிருந்து பஸ்ஸில் செங்கல்பட்டு வந்து, அங்கே மின்சார ரயிலைப் பிடித்துக் காலேஜ் போவேன். ஊரில் யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டால் ‘லாங்குவேஜ்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். இத்தாலியன் என்று சொன்னால், “அத்த படிச்சி இன்னா பண்ணப்போற?” என்பார்கள்.

வகுப்பில் என் பாடு இன்னும் மோசம். கூடப் படித்தவர்களில் சிலர் பள்ளியிலேயே பிரெஞ்சு படித்தவர்கள், அந்தப் பழக்கத்தில் இத்தாலியனையும் சரளமாகப் பேசினார்கள். நான் எழுத்துத் தேர்வில் மார்க் வாங்குவேன், வாயை மட்டும் திறக்க மாட்டேன். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே என்று பயம். வேறு பாடத்துக்கு மாறிவிடலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். கோயில்களைப் பார்க்கப் போகிற வழியில் சித்திக்கு ஒரு சின்ன ஜூஸ் கடை. மதிய நேரம், உள்ளே நான் பழம் நறுக்கிக்கொண்டிருந்தபோது வெளியே கூச்சல் கேட்டது. எட்டிப் பார்த்தால், கடை பெஞ்சில் ஒரு வெளிநாட்டுப் பெரியவர் சரிந்து கிடந்தார். முகம் ரத்தச் சிவப்பு. கைகள் நடுங்கின. அவர் மனைவி படபடவென்று ஏதோ சொல்கிறார், ஒருவருக்கும் புரியவில்லை. பெரியவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே வார்த்தை: “கால்டோ… கால்டோ…”

ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “அனலா கொதிக்கிதுக்கா. கோல்டு கோல்டுன்றாரு பாரு, கையி வேற நடுங்குது. குளிர் ஜொரந்தான். நல்லா போத்திவுடு” என்றார். சித்தி ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரு கம்பளியைக் கொண்டுவந்து கழுத்துவரை போர்த்தினார். பெரியவர் அதைத் தள்ளப் பார்த்தார், தெம்பில்லை.

எனக்குத் திக்கென்றது. கால்டோ என்றால் குளிர் இல்லை, சூடு. இத்தாலியில் குழாயில் ‘சி’ என்று போட்டிருந்தால் கோல்டு என்று நினைத்துத் திறந்துவிடாதீர்கள், வெந்நீர் கொட்டும் என்று எங்கள் மேடம் ஆரம்பத்திலேயே சொல்லிச் சிரித்திருந்தார். ஆனாலும் சந்தேகம். நான் கற்றது சரிதானா? அவர் பேசுவது இத்தாலியன்தானா?

அந்த அம்மாவிடம் போய், “கால்டோ? ஃப்ரெட்டோ?” என்றேன். சூடா, குளிரா என்று.

அவர் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். “சி, சி! கால்டோ!”

“இன்னாடி, ஒன்ன ச்சீ ச்சீன்னுது?” என்றார் சித்தி.

“சின்னா ஆமான்னு அர்த்தம் சித்தி. அவருக்குக் குளிரல, சூடு தாங்கல. கம்பளிய எடு!”

“ஜன்னி கின்னி வந்துடப் போவுது கண்ணு” என்று தடுத்தார் ஆட்டோ அண்ணன். நானே கம்பளியை உருவிப் போட்டேன். அதுவரை பெரியவர்களை எதிர்த்து அப்படி எதையும் செய்ததில்லை. ஃபேனைப் போட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றி, ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தோம். கொஞ்சம் கண் திறந்ததும், “பேவி, பேவி” என்று தண்ணீரை வாயருகே கொண்டுபோனேன். பிறகு ஆட்டோ அண்ணன்தான் எங்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

வெயில் தாக்கியிருக்கிறது, போர்த்தியே வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர். ஆட்டோ அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. “நல்ல வேள கண்ணு, நீ இருந்த” என்றார்.

டாக்டர் கேட்டதையெல்லாம் நான் அந்த அம்மாவிடம் அரைகுறையாகக் கேட்டுச் சொன்னேன். சர்க்கரை நோய் உண்டா என்பது மட்டும் சுலபம், ‘டயாபெட்டீஸ்’ அவர்கள் மொழியிலும் ஏறக்குறைய அதேதான். சிகிச்சை ஆரம்பித்த பிறகு அந்த அம்மா என்னிடம் மெதுவாக ஒன்று கேட்டார். பிழைத்துவிடுவாரா என்று கேட்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. எதிர்காலத்தில் நடக்கப்போவதைச் சொல்கிற வினைச்சொற்கள் எதுவும் எனக்கு இன்னும் நடத்தப்படவில்லை. தெரிந்த இரண்டு வார்த்தைகளைச் சேர்த்தேன். “தொமானி, பேனே.” நாளைக்கு, நல்லது. அவர் அழுதுகொண்டே தலையாட்டினார்.

அடுத்த நாள் பெரியவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: ‘பேவி’ என்றால் ‘குடி’. மரியாதையாகக் கேட்க வேண்டுமானால் ‘பேவா’ என்றிருக்க வேண்டும். தாத்தா வயதுக்காரரைப் போய் ‘குடி, குடி’ என்று அதட்டியிருக்கிறேன்! கூனிக் குறுகி மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். பேத்திகள் எங்களிடம் அப்படித்தான் பேசுவார்கள், நீயும் அப்படியே பேசு என்று அந்த அம்மா நிதானமாகச் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

நான் பாடத்தை மாற்றவில்லை. வகுப்பில் தப்பும் தவறுமாகப் பேச ஆரம்பித்தேன். சிரித்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். இன்றும் ஏதாவது பேச வாயெடுத்து, சரியாக வருமோ வராதோ என்று தயங்கும்போதெல்லாம், அன்றைக்கு நான் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் என்னாகியிருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டு பேசிவிடுகிறேன்.