காயப்பட்ட மானுக்குப் பின்னால்

பாரிஸின் லா சப்பலில் அந்தச் சாப்பாட்டுக் கடையின் குசினிக்கு ஜன்னல் இல்லை. ஆனாலும் வெங்காயம் உரிக்கும் நேரத்தில் தவரத்தினம் வாயைத் திறந்தால் ஊரின் ஒட்டுசுட்டான் காடு உள்ளே வந்துவிடும். பாலை மர நிழல், கோடையில் வற்றிக் கிடக்கும் மோட்டை, அதன் கரைச் சேற்றில் பதிந்த குளம்படிகள். அவரும் மச்சான் கபிரியேலும் மான் சுட ஓர் இடியன் துவக்கோடு மரக்கொப்பில் குந்தியிருப்பார்கள். இருமல் வந்தால் விழுங்க வேண்டும். நுளம்பு கடித்தால் கடிக்க விட வேண்டும்.

"கார்ட்டுக்குக் காத்திருக்கிறது எனக்கொரு வேலையே இல்லை. மான் பழக்கினது," என்பார். வருடக்கணக்கில் காத்திருந்து பிரான்ஸ் வதிவிட கார்ட் எடுத்தவர் சொன்னால் யார் மறுப்பது?

இன்னொன்றும் அடிக்கடி சொல்வார். காயப்பட்ட மானை விட்டுவிட்டு வீட்டுக்கு வரக்கூடாது. உடனே துரத்தவும் கூடாது. துரத்தினால் வெருண்டு எட்டாத தூரம் ஓடிவிடும். ஒரு பீடி குடித்து முடியும்வரை இருந்துவிட்டு, இரத்தச் சொட்டைப் பார்த்துப் பார்த்துப் போகவேண்டும்.

2011 மாரியில் ஒருநாள், கோப்பை கழுவும் புண்ணியமூர்த்தியை வம்புக்கு இழுத்தார். வன்னியிலிருந்து வந்து அதிக காலமாகாதவன். மார்க்ஸ் டோர்மோயில் அவருடைய அறையில்தான் படுக்கிறான்.

"ஒண்டு விழுந்தா மற்ற மான் நிண்டு பாக்காது, பாஞ்சிடும். எங்கடை புண்ணியம் மாதிரி. வேலை முடிஞ்சா ஆள் திரும்பிப் பாரான்."

எல்லோரும் சிரித்தார்கள். புண்ணியமூர்த்தி கையிலிருந்த கோப்பையை மெல்லத் தொட்டிக்குள் வைத்தான். ஏப்ரனைக் கழற்றிக் கொழுவிவிட்டுப் பின்கதவால் போய்விட்டான்.

தோசைக்கல்லடியில் நின்ற ரதிதேவி திரும்பினாள். "என்ன அண்ணை கதைச்சனீங்கள்? கடைசிச் சண்டையிலை, மாத்தளனிலை அவன்ரை தம்பி பக்கத்திலை ஓடி வரேக்கை விழுந்தவன். தெரியாதே?"

தெரியாது. ஒரே அறையில் படுத்தெழும்பியும் தெரியாது. அங்கேயும் கதை சொன்னது அவர்தான்.

போனை அடித்தார், நிறுத்தியிருந்தது. லண்டனுக்குப் போகப்போகிறேன், கலே துறைமுகத்தில் லொறிக்குள் ஒளிந்து ஏறினால் சரி என்று இடைக்கிடை சொல்கிறவன். ஏறிவிட்டால் பிறகு எங்கே தேடுவது? கால் வாசலுக்கு இழுத்தது. மத்தியானக் கூட்டம் கலையும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

புறநகரில், பியர்ஃபித்தில் அவனுடைய ஒன்றுவிட்ட அக்கா ரூபிகா இருப்பதாக ரதிதேவி சொன்னாள். அங்கே போனபோது, அவளுடைய கட்டிடத்துக்கு முன்னால் வாங்கில் அவன் குந்தியிருந்தான், காலடியில் ஒரு பை. மானிடம் போவதுபோல் சத்தமில்லாமல் போகாமல், தூரத்திலேயே இருமிக்கொண்டு போனார்.

"காயப்பட்டதை விட்டிட்டு வரக்கூடாது எண்டு வந்தனீங்களாக்கும்," என்றான் புண்ணியமூர்த்தி.

"ஓம்."

"கண்டுபிடிச்ச பிறகு என்ன செய்வியள்? அதை மட்டும் ஒருநாளும் சொல்லேல்லை."

எத்தனை தரம் சொன்ன கதை, அந்த இடத்தில் மட்டும் தவரத்தினம் எப்போதும் நிறுத்தியிருக்கிறார். "கழுத்தை அறுப்பம்."

"அப்ப கத்தி கொண்டு வந்தனீங்களோ?"

"இல்லை. கொத்து ரொட்டி."

அவன் சிரிக்கவில்லை, ஆனால் அவர் நீட்டிய பார்சலை வாங்கினான். அவர் பக்கத்தில் இருந்தார். "எனக்குத் தெரியாது, புண்ணியம். கேட்டிருக்கவேணும்."

"நான் திரும்பிப் பாத்தனான், அண்ணை. தூக்கேலாமல் போச்சு."

தம்பியின் பேர் என்ன என்று கேட்டார். நிஷாந்தன். என்ன படித்தவன், என்ன விளையாட்டு என்று கேட்டார். ரொட்டி ஆறியது. குளிர் ஏறியபோது அவன் பையைத் தூக்கிக்கொண்டு அவரோடு ஸ்டேஷனுக்கு நடந்தான். ரயிலிலும் தம்பியின் கதைதான். வாய்க்காலில் விரால் பிடித்தது, சைக்கிள் களவு கொடுத்தது.

கார் து நோர் ஸ்டேஷன் வந்தது. இறங்க வேண்டிய இடம். கதை பாதியில் நின்றதால் தவரத்தினம் எழும்பவில்லை. கதவு பூட்டியது.

"பிறகு?" என்று கேட்டார்.