சுவரில் விழுந்த குழி

தேயிலைத் தோட்ட லயத்தில் எங்கள் காம்பரா அறையின் மண் சுவரில் அடிக்கடி குழி விழுந்தது. பக்கத்து வீட்டு மாரியாயிதான் சுரண்டுகிறாள் என்று சந்தேகப்பட்டு, ஒவ்வொரு முறையும் ஈர மண்ணை அப்பி அடைத்தேன். ஒருநாள் கொழுந்தெடுத்துவிட்டுச் சீக்கிரமாக வந்தால், என் ஆறு வயது மகள் அந்த மண்ணைத் தின்றுகொண்டிருந்தாள்!

பதுளை ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்து, இரும்புச்சத்து மருந்து கொடுத்தார்கள். "நீங்க பூசுற ஈர மண்ணு வாசம்தான் புள்ளைய இழுக்குது. சீமெந்து பூசுங்க. சுவர்கிட்ட போனா அடிக்காம, கூப்பிட்டுக் கையில கடலை குடுங்க" என்றார் டாக்டர்.

"கடலைக்கு நோய் போகுமாங்க?" என்றேன். நம்பாமல்தான் செய்தேன். மெல்ல மெல்ல அவளே சுவரை விட்டு என்னிடம் வந்து கை நீட்டத் தொடங்கினாள். இன்றும், "ஆ காட்டு" என்று வாய்க்குள் பார்த்த பிறகே கொடுக்கிறேன்.

வேலைக்குப் போகும்போது கடலை டப்பாவை மாரியாயியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

– ஒரு தாய், ஹாலிஎல