தடுப்புப் பெட்டியில் கிடந்த மெயில்

சிவகாசியில் அந்தப் பட்டாசு கம்பெனி ஆபீசில் பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் மாரிசெல்வியைத்தான் கூப்பிடுவார்கள், ஏசியில் தண்ணீர் சொட்டினாலும் அவளைத்தான். கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்த பாவத்துக்கு, கரண்டில் ஓடுகிற எல்லாமே அவள் தலையில் விழுந்தது. அம்மா வள்ளித்தாய் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை அது. ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில், காட்டுக்கு நடுவே இருக்கும் அதே கம்பெனியின் ஆலையில் வள்ளித்தாய் இருபது வருஷமாக வெடிமருந்து கலக்குகிறாள்.

போன சீசனில் ‘மிக அவசரம்’ என்று தலைப்பு போட்டு வந்த ஒரு மெயிலை மானேஜர் திறந்தார். அதிலிருந்த வைரஸ் ஆர்டர் ஃபைல் அத்தனையையும் பூட்டிவிட்டது. திறந்தவர் அவர், திட்டு வாங்கியவள் இவள். “இனிமே ஒரு ஈ காக்கா உள்ள வரக்கூடாது” என்று உத்தரவு வேறு. மூன்று வாரம் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்து, மெயில் சர்வரில் வைரஸ் ஸ்கேனரையும் ஸ்பாம் ஃபில்டரையும் தனியாளாகப் போட்டு முடித்தாள். கூடவே தன் கைப்பட ஒரு விதியும் எழுதினாள். தலைப்பில் ‘அவசரம்’ என்று இருந்து, கூடவே ஃபைலும் இணைத்து வந்தால், யார் அனுப்பியதானாலும் அது தடுப்புப் பெட்டிக்குப் போய்விடும். ஆபீஸ் வந்ததும் அந்தப் பெட்டியை ஒரு தரம் பார்ப்பாள். லாட்டரிப் பரிசும் போலி பில்லும் தவிர அதில் எதுவும் சிக்கியதில்லை. கொஞ்சம் கர்வம்கூட வந்திருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை எட்டரை மணிக்குப் பெட்டியைத் திறந்தாள். மூன்றாவதாக, ஆலைக்கு அலுமினியப் பவுடர் அனுப்புகிறவர்களின் மெயில். முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு, சோதனை ரிப்போர்ட்டையும் இணைத்து வந்தது. ‘மிக அவசரம். சனிக்கிழமை அனுப்பிய லோடில் ஈரம் ஏறியிருக்கிறது. கலவையில் சேர்த்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். பயன்படுத்தவே வேண்டாம்.’

வெயில் ஏறுமுன் மருந்து கலந்துவிட வேண்டும் என்று ஆலையில் ஆறு மணிக்கே வேலை தொடங்கிவிடும். அம்மா விடியுமுன் வேனுக்கு ஓடுவதைப் பார்த்தே வளர்ந்தவள் மாரிசெல்வி. விதி எழுதும்போது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. அந்த விதி இல்லாவிட்டால் நேற்று ராத்திரியே மானேஜர் இதைப் பார்த்திருப்பார்.

ஆலைக்குள் செல்போன் கூடாது. எல்லாருடைய போனையும் கேட்டில் ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கேட் போன் ஒரு வாரமாகச் செத்துக் கிடந்தது. போர்மேன் ரத்தினசாமிக்கு அடித்தாள், எடுக்கவில்லை. அம்மாவின் போன் பெட்டிக்குள்தான் இருக்கும் என்று தெரிந்தும் நான்கு தரம் அடித்தாள். வேறு என்ன செய்வாள், பாவம்? பக்கத்து சீட் அழகுமீனாவைத் தீயணைப்புக்குச் சொல்லச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

அரைமணி நேர வழி. தூரத்தில் புகை எழுகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. ‘சாமி, என் கையை வேணும்னா எடுத்துக்கோ’ என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள்.

கேட்டில் வாட்ச்மேன் சின்னச்சாமி எழுந்து நின்றார். “பெட்டிக்குள்ள போன் கெடந்து கத்திக்கிட்டே இருக்கு புள்ள.”

“எடுத்திருக்கக் கூடாதா அண்ணாச்சி?”

“அடுத்தவுக போனை நான் எப்பிடித் தொட?”

தன் போனையும் அவர் கையில் திணித்தாள். செருப்பைக் கழற்றினாள். உடம்பிலுள்ள மின்சாரம் இறங்குவதற்கென்று சுவரில் பதித்த செம்புத் தகட்டை அந்தப் பதற்றத்திலும் தொட்டுவிட்டுத்தான் நுழைந்தாள். உள்ளே ஓடக் கூடாது. கத்தக் கூடாது. கத்தினால் மருந்தில் இருக்கும் கை பதறும். வாய்க்குள் அலறலை வைத்துக்கொண்டு நடந்தாள்.

கலவை ரூம் வாசலில் நின்று, “அம்மா, கையை எடுத்துட்டு மெதுவா வெளிய வா” என்றாள்.

கைகள் வெள்ளியாய் மினுங்க வள்ளித்தாய் நிமிர்ந்தாள். “ஏட்டி, இங்கன எதுக்கு வந்தே? கொஞ்சந்தான் பாக்கி. முடிச்சுட்டு வாரேன்.”

“அம்மா, நான் செத்துருவேன். வாம்மா.”

அந்தக் குரலுக்கு வள்ளித்தாய் எழுந்து வந்தாள். பேச்சுக் குரல் கேட்டு வந்த ரத்தினசாமி, மாரிசெல்வியிடம் விஷயத்தைக் கேட்டதும் மற்ற ரூம்களைக் காலி செய்யச் சொல்லி, எல்லாரையும் வேலிக்கு அப்பால் கூட்டிப் போனார். நடக்கும்போது வள்ளித்தாய் சொன்னாள்: “காலையிலேர்ந்து உள்ளங்கை சுட்டுக்கிட்டே இருந்துச்சு. காய்ச்சல் வரப்போகுதுன்னு நெனச்சேன்.”

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, தீயணைப்பு வண்டியும் வந்து சேரவில்லை. வள்ளித்தாய் உட்கார்ந்திருந்த ரூமின் கூரை பிய்த்துக்கொண்டு பறந்தது. காது அடைத்தது. செங்கல் துண்டுகள் சோளக்காட்டில் போய் விழுந்தன.

பெண்கள் மாரிசெல்வியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். “நீதான் தாயி எங்க கொலசாமி” என்று ஒருத்தி காலைத் தொடக் குனிந்தாள். அவளுக்குக் கூசியது. செத்துப்போகலாம் போலிருந்தது.

“அந்த மெயில் எப்பம்மா வந்துச்சு?” என்று கேட்டார் ரத்தினசாமி.

“நேத்து சாயங்காலமே வந்துருச்சுங்க. நான்தான்...”

வள்ளித்தாய்க்கு மெயிலும் தெரியாது, சர்வரும் தெரியாது. மகளின் முகம் தெரியும். சட்டென்று கையை நீட்டி மகளின் வாயைப் பொத்தினாள். அந்த உள்ளங்கை இன்னும் சுட்டது.