டொலியின் நெஞ்சில் ஓடிய மோட்டார்

கொட்டாஞ்சேனை ஓட்டோ ஸ்டாண்டில் ரெனால்டிடம் வாய் கொடுத்துத் தப்பியவன் கிடையாது. தலை நரைத்தும் கட்டைப்பிரமச்சாரி. கோபம் மூக்கு நுனியில். ஆனால் யாருடைய ஓட்டோ இடக்குப் பண்ணினாலும், இஞ்சினில் உள்ளங்கையை வைத்தே குறையைச் சொல்லிவிடுவான். அந்தக் கைதான் டொலியின் விஷயத்தில் அவனை ஏமாற்றியது.

டொலி அவன் வளர்த்த சின்னப் பொமரேனியன். மடியில் படுத்தால் அதன் இடப்பக்க நெஞ்சு கிர்ரென்று விடாமல் அதிரும். "பூனை மாதிரி உறுமுறாள் பார்! என்ட மடியில மட்டும்தான்" என்று ஸ்டாண்ட் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தான். வேறு யார் மடியில் அதைப் படுக்க விட்டான் என்று கேட்கக்கூடாது.

தடுப்பூசிக்கு நுகேகொடைக்குக் கொண்டுபோனபோது, மிருக வைத்தியர் மேனுகா ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் முகம் மாறினாள்.

"அங்கிள், இது பிறவிக்குறை. பிறந்தவுடன மூடவேண்டிய ஒரு ரத்தக்குழாய் இதயத்துக்குப் பக்கத்தில இன்னும் திறந்திருக்கு. ரத்தம் பிழையான வழியால பாயுது. அந்த அதிர்வு அதுதான். இப்பிடியே விட்டா இதயம் தாங்காது."

"அது என்னில உள்ள பாசம், மிஸ்!" என்று சீறிவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். மடையன்!

மழை தொடங்க டொலி இருமத் தொடங்கியது. ஒருநாள் மாடிப்படி ஏறும்போதே கால் மடங்கி விழுந்தது. ரெனால்ட் அதை அள்ளிக்கொண்டு மேனுகாவிடமே ஓடினான்.

"நெஞ்சைத் திறக்கத் தேவையில்லை" என்றாள் அவள். "தொடையில சின்னதா வெட்டி, ரத்தக்குழாய்க்குள்ளால மெல்லிய குழாயொன்றை விட்டு, அந்த வழியை ஒரு அடைப்பால மூடுவம். ஆனா இதயம் இப்பவே பெருத்திட்டுது. மயக்க மருந்தைத் தாங்குமோ தெரியாது. முந்தியே வந்திருந்தா..."

சிகிச்சை நாளன்று ரெனால்ட் டொலியை மடியில் வைத்திருக்க, ஸ்டாண்ட் கூட்டாளி ஷரீப்தான் ஓட்டோவை ஓட்டினான். சத்திரசிகிச்சை அறையின் கதவுக்கு வெளியே ரெனால்ட் அங்குமிங்கும் நடந்தான்.

"குந்து மச்சான். ஒன்னப் பாத்து எனக்குத் தல சுத்துது."

"என்ட வீம்புதான்டா இவ்வளவுக்கும். அவள் செத்தா நான்தான் கொன்றது."

ஷரீப் பிளேன்டீயை நீட்டினான். ரெனால்ட் அதை வாயில் வைக்கவில்லை. உள்ளே ஏதோ கருவி வேகமாகக் கத்தியது. ஒரு தாதி ஓடிவந்து உள்ளே நுழைந்தாள். பிறகு கருவியின் சத்தமும் இல்லை.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. "வாங்கோ அங்கிள்" என்றாள் மேனுகா. முகக்கவசத்துக்குப் பின்னால் சிரிப்பா அழுகையா தெரியவில்லை. மேசையில் டொலி நாக்குத் தொங்கக் கிடந்தது. ரெனால்ட் பழக்கப்படி உள்ளங்கையை இடப்பக்க நெஞ்சில் வைத்தான். அதிர்வு இல்லை.

"ஐயோ மாதாவே, நிண்டுட்டுது! செத்துட்டாள்!"

"கையை எடுக்காதேங்கோ! அடைப்பு சரியாப் பொருந்திட்டுது, அதால அந்த அதிர்வு நிண்டிட்டுது. இன்னும் அழுத்திப் பாருங்கோ."

அழுத்தினான். டுப், டுப் என்று தனித்தனியான துடிப்பு. இஞ்சின் தெரிந்த கைக்கு அது விளங்கியது. ஓவென்று அழுதான். டொலி பிழைத்ததற்கு அழுதான். இத்தனை காலமும் பாசமென்று தடவியது அதன் நோயை என்பதற்கும் அழுதான்.

"அப்ப இவளுக்கு என்னில ஒண்டுமே இல்லையா, மிஸ்?"

மேனுகா வாயெடுக்கும் முன்பே, அந்தக் குரலுக்கு, கண் திறக்காமலே டொலியின் வால் மேசையில் ஒரு தரம் அடித்தது.